அம்மாவுக்கு முதல் பேனா ஊசி: ஃப்ரிட்ஜிலிருந்து எடுக்கும் முன்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், பிறகு படிப்பவர்களுக்கும் புரியும். அம்மாவுக்கு 54 வயது, தஞ்சாவூரில் இருக்கிறார். எடை 92 கிலோ. பத்து வருடமாகச் சர்க்கரை. மெட்ஃபார்மின், கிளிமிப்பிரைடு, அதோடு நீர் பிரியும் மருந்து கலந்த ஒரு பிரஷர் மாத்திரை. டாக்டர் மவுஞ்சாரோ பேனா எழுதிக் கொடுத்து, "வாரம் ஒரு ஊசி, எடையும் இறங்கும் சுகரும் இறங்கும்" என்று இரண்டு நிமிடத்தில் அனுப்பிவிட்டார். நீங்கள் பெங்களூரிலிருந்து மருந்தை வாங்கி வந்து வைத்து மூன்று வாரம் ஆகிறது. பேனா ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கிடக்கிறது, அம்மா பயந்துகொண்டு தொடவில்லை. "ஊசியை எப்படிப் போடுவது என்று மட்டும் சொல்லுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சர்க்கரை நோய் கிளினிக்கில் இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதுதான் பதினேழு வருடமாக என் வேலை. இந்தப் புதுப் பேனாக்கள் வந்தபின் அதையும் கற்றுத்தருகிறேன். ஊசி போடக் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும். நீங்கள் "மற்றது" என்று ஒதுக்கி வைத்திருக்கிறீர்களே, ஆட்கள் வழுக்கி விழுவது அங்கேதான். அதனால் ஊசியைக் கடைசிக்கு முன்னால் வைத்துக்கொள்கிறேன்.

அம்மாவின் பயத்திலிருந்து ஆரம்பிப்போம். அவர் வாய்விட்டுக் கேட்டிருக்க மாட்டார், ஆனால் மனதுக்குள் ஓடும் கேள்வி அநேகமாக இதுதான்: "எனக்கு இன்சுலின் ஆரம்பிச்சுட்டாங்களா?" நம் ஊரில் இன்சுலின் என்றால் கடைசிக் கட்டம் என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பேனாவும் பார்க்க இன்சுலின் பேனா மாதிரியே இருக்கிறது. இது இன்சுலின் இல்லை என்று முதலில் தெளிவாகச் சொல்லுங்கள். சாப்பிட்டதும் குடலில் இருந்து சில ஹார்மோன்கள் சுரந்து, "வந்துவிட்டது, போதும்" என்று மூளைக்கும் கணையத்துக்கும் சேதி அனுப்புகின்றன. ஜிஎல்பி-1, ஜிஐபி என்பவை அப்படிப்பட்ட இரண்டு. உடம்பில் இயற்கையாகச் சுரக்கும் ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடத்தில் சிதைந்துவிடும். அம்மாவின் பேனாவில் இருக்கும் டிர்செபடைடு அந்த இரண்டு ஹார்மோன்களின் வேலையையும் செய்யும். அதன் அளவு உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து நாள் ஆகும். அதனால்தான் வாரம் ஒரு ஊசி. (இந்த வகையில் 2005-ல் முதலில் வந்த மருந்து, அமெரிக்கப் பாலைவனத்து விஷப்பல்லி ஒன்றின் எச்சிலில் கண்டெடுத்த பொருளை வைத்துச் செய்தது. அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டாம். நான் ஒரு பெரியவரிடம் உற்சாகமாகச் சொல்லப்போய், அவர் பேனாவை மேசையிலேயே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.)

வீட்டில் அப்பா இன்சுலின் போடுகிறவராக இருந்தால் இரண்டு பேனாக்களையும் ஒரே டப்பாவில் வைக்காதீர்கள். அதிகாலையில் கண்ணாடி இல்லாமல் எடுத்தால் மாறிப்போகும்.

ஆகவே இந்த மருந்து கொழுப்பைக் கரைப்பதில்லை. பசியை அடக்குகிறது, வயிறு காலியாகும் வேகத்தைக் குறைக்கிறது. எடை இறங்குவது, அம்மா குறைவாகச் சாப்பிடுவதால். இதை அம்மா புரிந்துகொண்டால் மற்ற எல்லாம் தானாகப் புரியும்: ஏன் குமட்டுகிறது, ஏன் எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்தினால் ஏன் எடை திரும்புகிறது என்பதெல்லாம் இதற்குள் அடக்கம்.

அடுத்து, முதல் ஊசிக்கு முன் டாக்டரிடம் போன் போட்டாவது கேட்க வேண்டியவை. முதலாவது கிளிமிப்பிரைடு. டிர்செபடைடு தனியாகச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அபூர்வம். கிளிமிப்பிரைடு அப்படியில்லை. சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அது கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வரவழைக்கும். பாதி இட்லியோடு போதும் என்று அம்மா எழுந்துவிடும் நாளிலும் அந்த மாத்திரை முழு வேலை செய்தால், பதினோரு மணிக்கு வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடக்கும். டோஸைக் குறைப்பதா, நிறுத்துவதா என்று டாக்டர் முடிவு சொல்லாமல் ஊசியைத் தொடங்காதீர்கள். சுகர் பார்க்கும் மெஷின் வீட்டில் இருக்கட்டும். 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அமாவாசை, கிருத்திகை என்று ஒருவேளை மட்டும் சாப்பிட்டு விரதம் இருக்கும் பழக்கம் அம்மாவுக்கு உண்டென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் அம்மாக்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள், அதெல்லாம் டாக்டருக்குச் சொல்கிற விஷயமா என்பார்கள்.

இரண்டாவது கண். பத்து வருடச் சர்க்கரை என்கிறீர்கள். விழித்திரைப் பரிசோதனை பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது இதில் சேராது. சொட்டு மருந்து விட்டுப் பாவையை விரித்து உள்ளே பார்க்க வேண்டும். விழித்திரையில் ஏற்கனவே பாதிப்பு இருந்து, ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கினால், அந்தப் பாதிப்பு சில காலம் மோசமாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் கண் டாக்டரும் சுகர் டாக்டரும் சேர்ந்து வேகத்தைக் கட்டுப்படுத்துவார்கள்.

மூன்றாவது அந்தப் பிரஷர் மாத்திரை. எடையும் சாப்பாட்டில் உப்பும் குறையும்போது ரத்த அழுத்தமும் இறங்கும். அதோடு நீர் பிரியும் மருந்தும் சேர்ந்து, வாந்தியோ பேதியோ வந்து, அது தஞ்சாவூர் சித்திரை வெயிலாகவும் இருந்துவிட்டால் கிட்னி தாங்காது. கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையான கிரியாட்டினின் ஒருமுறை பார்த்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒப்பிட அது வேண்டும்.

தைராய்டு பற்றி ஒரு குழப்பம் உலவுகிறது, போகிறபோக்கில் தீர்த்துவிடுகிறேன். தைராய்டு குறைவு என்று காலையில் மாத்திரை போடுகிறவர்கள் இந்த ஊசியைப் போடக் கூடாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தடை இருப்பது மெடுல்லரி என்ற அபூர்வ வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ நெருங்கிய ரத்த உறவிலோ இருந்தவர்களுக்கும், எம்இஎன்-2 என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும். முன்பு கணைய அழற்சி வந்தவர்கள், வயிறு ஏற்கனவே மெதுவாகக் காலியாகிறவர்கள் டாக்டரிடம் அவசியம் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பொருந்தாது என்றாலும் இளம் பெண்களுக்காக ஒன்று: கர்ப்பமாக இருக்கும்போதும், குழந்தைக்கு முயலும்போதும் இந்த ஊசி கிடையாது. டிர்செபடைடு தொடங்கிய நான்கு வாரமும், ஒவ்வொரு முறை டோஸ் ஏற்றிய பின் நான்கு வாரமும் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது.

இனி எதிர்பார்ப்பு. ரீல்ஸில் பார்க்கும் இருபது சதவீத எடைக் குறைப்பு பொய்யில்லை. 2022-ல் வெளியான பெரிய ஆய்வில் 15 மில்லிகிராம் போட்டவர்கள் 72 வாரத்தில் சராசரியாக 20.9 சதவீதம் குறைந்தார்கள். ஆனால் அவர்கள் சர்க்கரை நோய் இல்லாதவர்கள். சர்க்கரை உள்ளவர்களிடம் அதே 72 வாரம் தனியாகப் பார்த்தபோது, 10 மில்லிகிராமில் 12.8, 15 மில்லிகிராமில் 14.7 சதவீதம். அம்மாவின் 92 கிலோவுக்குக் கணக்குப் போட்டால் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றரை கிலோ, அதுவும் ஏறத்தாழ ஒன்றரை வருடத்தில். பக்கத்து வீட்டுப் பெண்ணோடு ஒப்பிட்டு அம்மா மனம் நொந்து போகும் முன் இதைச் சொல்லிவிடுங்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு கிலோ முழங்கால் வலிக்கும், சுகருக்கும், கல்லீரல் கொழுப்புக்கும் என்ன செய்யும் என்பதை நான் நேரில் பார்க்கிறேன், சாதாரணமில்லை.

முதல் மாதம் 2.5 மில்லிகிராம். இது உடம்பைப் பழக்குவதற்கான டோஸ், எடையைக் குறைக்க வைத்த டோஸ் இல்லை. நான்கு வாரம் கழித்து 5. அதன்பின் தேவைப்பட்டால் குறைந்தது நான்கு வாரத்துக்கு ஒருமுறை 2.5 வீதம் ஏற்றி, உச்சம் 15. முதல் மாதம் முக்கால் கிலோதான் குறைந்தது என்று நிறுத்தியவர்களையும் பார்த்திருக்கிறேன், "மெதுவா போகுது" என்று தானாகவே இரட்டை டோஸ் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வாந்தியோடு ஆஸ்பத்திரியில் படுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். ஐந்திலேயே நன்றாக இறங்கிக்கொண்டிருந்தால் அங்கேயே நிற்கலாம். பதினைந்தைத் தொட்டே தீர வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

சாப்பாடுதான் நான் அதிக நேரம் செலவிடும் இடம். நம் சாப்பாட்டின் வரிசையை யோசித்துப் பாருங்கள்: சாம்பார் சாதம், ரசம் சாதம், கடைசியில் தயிர். பொரியலும் கூட்டும் ஓரத்தில். இந்த ஊசி போட்டவருக்குச் சாம்பார் சாதத்திலேயே வயிறு நிறைந்துவிடும். தயிர் வரை போகவே மாட்டார். பொரியல் அப்படியே இருக்கும். இரண்டு மாதத்தில் பலர் மூன்று கரண்டி ரசம் சாதம், ஒரு டீ, இரண்டு பிஸ்கட் என்ற நிலைக்கு வந்துவிடுகிறார்கள். எடை இறங்கும், எல்லோரும் பாராட்டுவார்கள். பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிரும், மாடிப்படி ஏறத் தொடை நடுங்கும். இழக்கும் எடையில் சுமார் கால்பங்கு கொழுப்பு அல்லாத சதை. ஐம்பதைத் தாண்டிய பெண்ணுக்கு அந்தச் சதையைத் திரும்பப் பிடிப்பது பெரும்பாடு.

அதனால் வரிசையை மாற்றச் சொல்கிறேன். தட்டில் முதலில் முட்டையோ மீனோ கோழியோ சுண்டலோ பனீரோ, அடுத்து காய், கடைசியில் சாதம். பாதியிலேயே வயிறு நிறைந்தாலும் முக்கியமானது உள்ளே போயிருக்கும். கிட்னி நன்றாக இருந்தால் அம்மாவுக்கு ஒரு நாளைக்கு அறுபது, எழுபது கிராம் புரதம் இலக்காக வைத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் ஆறு கிராம், நூறு கிராம் மீனில் சுமார் இருபது, ஒரு டம்ளர் பாலில் ஆறேழு. இட்லியில் ஒன்றுக்கு இரண்டு கிராம் தேறினால் அதிகம். வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அன்று இரண்டு வேளை சுண்டல் அல்லது பயறு, மோருக்குப் பதில் கெட்டித் தயிர். அதோடு, கையை ஊன்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, பத்துப் பத்தாக நாளுக்கு மூன்று தடவை. நடைப்பயிற்சி நல்லதுதான். ஆனால் சதையைக் காப்பாற்ற அது மட்டும் போதாது.

குமட்டல் பெரும்பாலும் டோஸ் ஏற்றிய முதல் சில நாளில் வரும், பிறகு அடங்கும். நான் பார்த்தவரை பாதி வாந்திக்குக் காரணம் பழக்கதோஷம்தான். வயிறு போதும் என்று சொன்ன பிறகு, தட்டில் மீதம் வைக்கக் கூடாது என்று விழுங்கும் அந்தக் கடைசி நாலு வாய். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை முழுதாக விலக்கச் சொல்ல மாட்டேன். ஊசி போட்ட மறுநாளும் அதற்கடுத்த நாளும் பலருக்கு வயிறு மந்தமாக இருக்கும், அந்த நாட்களில் பூரி, பஜ்ஜி, பிரியாணி வேண்டாம். ஞாயிறு விருந்து வழக்கம் என்றால் திங்கள் அல்லது செவ்வாய் ஊசி நாளாக இருக்கட்டும். அழுகின முட்டை நாற்றத்தோடு ஏப்பம் வந்தால் பயப்பட வேண்டாம், முந்தின வேளை அளவு மீறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மலச்சிக்கலுக்குத் தண்ணீர், கீரை, தேவைப்பட்டால் இசப்கோல். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காமல் குடிக்க வேண்டும். பசியோடு சேர்ந்து தாகமும் மங்கிவிடுகிறது.

உறவுக்காரர்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். "என்னடி இப்படி இளைச்சுட்ட, சுகர் ஏறிடுச்சா?" என்று கல்யாண வீட்டில் நாலு பேர் கேட்பார்கள். "இன்னும் ஒரே ஒரு வடை" என்று இலையில் வைப்பார்கள். அம்மா என்ன பதில் சொல்லப்போகிறார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாந்தியை விட இந்த உபசாரத்துக்குப் பயந்து ஊசியை விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இரண்டு பேர்.

சரி, ஊசி. பேனாவின் மேல் டோஸ் எழுதியிருக்கும், காலாவதித் தேதியும் இருக்கும், இரண்டையும் பாருங்கள். மருந்து தெளிவாக இருக்க வேண்டும். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ போடக் கூடாது. கையைக் கழுவிவிட்டுப் புது ஊசிமுனையைத் திருகிப் பொருத்துங்கள். நான்கு மில்லிமீட்டர் நீளம் போதும், கொசுக்கடி அளவுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் முதலில் காற்று நீக்க வேண்டும், பேனாவோடு வரும் தாளில் படம் இருக்கிறது. தொப்புளைச் சுற்றி மூன்று விரல்கடை விட்டு வயிற்றில், அல்லது தொடையின் முன்புறம். வாரா வாரம் இடத்தை மாற்ற வேண்டும். நேராகக் குத்தி, பொத்தானை முழுதும் அழுத்தி, அழுத்தியபடியே ஐந்து வரை நிதானமாக எண்ணிவிட்டு எடுக்கலாம். ஊசிமுனையைக் கழற்றிவிட வேண்டும். இன்சுலின்காரர்கள் ஒரே முனையைப் பத்து நாள் போடும் பழக்கம் இங்கே வேண்டாம். முனையைப் பொருத்தியே வைத்தால் மருந்து கசியும், காற்று புகும். கழற்றியதைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள், குப்பை அள்ளுகிறவர் கையில் குத்தக் கூடாது.

ஒரு பேனாவில் நான்கு டோஸ். நான்கும் முடிந்த பிறகும் உள்ளே கொஞ்சம் மருந்து தெரியும். அது காற்று நீக்குவதற்காகக் கூடுதலாக வைத்தது. அதையும் விடாமல் உறிஞ்சப் பார்க்க வேண்டாம், பேனாவோடு எறிந்துவிடுங்கள்.

குப்பியில் வாங்குகிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். ஒரு குப்பி ஒரே டோஸ், அரை மில்லி. நம் மருந்துக்கடைகளில் இரண்டு வகை இன்சுலின் சிரிஞ்சு உண்டு: சிவப்பு மூடி 40 யூனிட் வகை, ஆரஞ்சு மூடி 100 யூனிட் வகை. அரை மில்லி என்பது சிவப்பில் 20-ஆம் கோடு, ஆரஞ்சில் 50-ஆம் கோடு. ஒன்றின் கணக்கை மற்றொன்றில் போட்டால் டோஸ் தாறுமாறாகும். பெரிய டோஸ் குப்பியை வாங்கி இரண்டு வாரத்துக்குப் பிரித்துப் போடும் சிக்கனமும் வேண்டாம். அந்தக் குப்பியில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கிடையாது.

புதுப் பேனா 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரீசருக்கு ஒட்டிய தட்டில் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்துவிட்டால் உருகிய பிறகும் பயன்படாது. பஸ்ஸில் கொண்டுவரும்போது ஐஸ் பாக்கெட்டோடு நேராக ஒட்டியிருந்ததா என்று நினைவுபடுத்திப் பாருங்கள். பயன்படுத்தத் தொடங்கிய பேனாவை 30 டிகிரிக்குக் கீழே 30 நாள் வெளியே வைக்கலாம் என்பார்கள். தஞ்சாவூரில் அந்த 30 டிகிரி மார்கழியில்தான் கிடைக்கும், ஃப்ரிட்ஜ் கதவிலேயே இருக்கட்டும். ஒரு வாரம் மறந்துவிட்டால் நான்கு நாளுக்குள் நினைவு வந்தால் போடலாம், தாண்டிவிட்டால் விட்டுவிட்டு அடுத்த வழக்கமான நாளில் போடுங்கள். இரண்டு ஊசிக்கு நடுவே மூன்று நாளாவது இடைவெளி வேண்டும். பல வாரம் விட்டுப்போனால் பழைய டோஸிலேயே மறுபடி தொடங்காமல் டாக்டரைக் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்? மேல்வயிற்றில் விடாத கடும் வலி, முதுகுக்குப் பாய்ந்து, வாந்தியும் சேர்ந்தால் கணையம். வலது விலாவுக்குக் கீழே வலி, காய்ச்சல், கண் மஞ்சளானால் பித்தப்பை. நம் வீடுகளில் இரண்டுக்கும் "வாயு பிடிச்சிருக்கு" என்று பூண்டு ரசம் வைத்து ஒரு ராத்திரியை ஓட்டிவிடுவார்கள். ஓட்டாதீர்கள். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றாலும், பார்வை சட்டென்று மங்கினாலும் உடனே போக வேண்டும். எதற்காக மயக்க மருந்து கொடுப்பதாக இருந்தாலும், வெறும் எண்டோஸ்கோபியாக இருந்தாலும், இந்த ஊசி போடுவதை முன்கூட்டியே சொல்லுங்கள். பட்டினி இருந்தும் வயிற்றில் சாப்பாடு மிச்சமிருக்கலாம்.

கடைசியாகப் பணம். இதை ஆரம்பத்திலேயே பேசாமல் விடுவதுதான் என் துறையில் நாங்கள் செய்யும் பெரிய தவறு என்று நினைக்கிறேன். 2025 மார்ச்சில் இந்த மருந்து இந்தியாவில் வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய், அதாவது மாதத்துக்கு 14,000, பிறகு 17,500. ஓர் ஆய்வில் 36 வாரம் எல்லோருக்கும் ஊசி போட்டு, பிறகு பாதிப் பேருக்கு வெறும் போலி ஊசி கொடுத்தார்கள். அடுத்த ஒரு வருடத்தில் அவர்களின் எடை சராசரியாக 14 சதவீதம் ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரை மாதிரிதான், நிறுத்தினால் பசி திரும்பும். ஆறு மாதத்துக்கு மட்டும் பணம் இருக்கிறது என்றால் அதை டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள், வேறு வழியும் அவரிடம் இருக்கும். இதே வகையில் வாரம் ஒருமுறை போடும் இன்னொரு ஊசியான வெகோவியில் இருக்கும் செமாகுளுடைடு மருந்தின் காப்புரிமைக் காலம் இந்தியாவில் 2026 மார்ச் வரைதான், உள்ளூர்த் தயாரிப்புகளுக்கு அது வழிவிடுகிறது. அந்தப் பக்கம் மாறுவதென்றால் மில்லிகிராம் கணக்கு முற்றிலும் வேறு, பேனாவைத் திருகும் முறையும் வேறாக இருக்கலாம். ஜிம்மிலும் அழகு நிலையத்திலும் பில் இல்லாமல் கிடைப்பதை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், தொடாதீர்கள்.

ஆக, இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டியது டாக்டருக்கு ஒரு போன், கண் ஆஸ்பத்திரியில் விழித்திரைப் பரிசோதனைக்கு ஒரு தேதி, ஒரு கிரியாட்டினின். அது முடிந்த பிறகு ஒரு திங்கட்கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், முதல் ஊசிக்கு முடிந்தால் நீங்களும் தஞ்சாவூரில் இருங்கள். உறையாமல் வந்து சேர்ந்திருந்தால், அதன்மேல் அச்சிட்ட தேதி வரை பேனா அந்தத் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே கெடாமல் கிடக்கும்.